ஸ்கேன் அறிக்கை என்னும் புதிய ஜாதகம்

சென்ற சில ஆண்டுகளாக நம் சிங்கப்பூர்த் தமிழ் மக்களிடையே ஒரு புதிய ஜாதகம் வழங்கி வருகிறது. பழைய ஜாதகம் ஓலையிலோ, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய காகிதத்திலோ எழுதப்பட்டது. புதிய ஜாதகம் கைபேசித் திரையில் வந்து சேருகிறது. பழையதைக் கணித்தவர் சோதிடர். புதியதை எழுதுபவர் கதிரியல் வைத்தியர். பழையதில் செவ்வாயும் சனியும் இருந்தன. புதியதில் 'லீஷன்' என்றும், 'நாட்யூல்' என்றும், 'சிஸ்ட்' என்றும் சொற்கள் இருக்கின்றன. இவ்வளவு மாறியும், அதைக் கையில் வாங்கிய குடும்பத்தார் நடந்துகொள்ளும் முறையில் மாத்திரம் எவ்வித மாறுதலும் ஏற்பட்டதாக நமக்குத் தோன்றவில்லை. அதே நடுக்கம், அதே கிசுகிசுப்பு, அதே மறைப்பு, அதே பரிகாரம்!

வயிற்று வலி என்று ஒரு மூதாட்டி பலதுறை மருந்தகத்திற்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஸ்கேன் எடுக்கிறார்கள். கல் இல்லை. ஆனால் யாரும் தேடாத சிறுநீரகத்தின் ஓரத்தில், ஒரு சென்டிமீட்டர் அளவில் ஏதோ ஒன்று தென்பட்டதாக அறிக்கை சொல்லுகிறது. அன்று மாலையே ஆங்கிலம் கற்ற பேரப்பிள்ளை அதைப் படித்துத் தன் தாயின் காதில் சொல்லுகிறான். இரவுக்குள் ஈசூனிலும் செங்காங்கிலும் ஜோகூரிலும் உள்ள உறவினர் எல்லோருக்கும் செய்தி எட்டிவிடுகிறது. ஒருவருக்கு மாத்திரம் எட்டுவதில்லை. அவர்தான் அந்த மூதாட்டி. மறுநாள் சிராங்கூன் சாலைக் கோயிலில் நேர்த்திக்கடன். அதற்கு மறுநாள் பெரிய ஸ்கேனுக்குப் பணம் கட்டல். அதற்கும் மறுநாள் ஊரிலுள்ள நாட்டு வைத்தியருக்குத் தொலைபேசி. அறிக்கையை எழுதச் சொன்ன டாக்டரிடம் போய், "இது என்ன? இதனால் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்பது மாத்திரம் எல்லாவற்றுக்கும் கடைசியிலேயே நடக்கிறது. இது ஏதோ ஒரு வீட்டுக் கதையன்று. தேக்காவிலிருந்து தெம்பனிஸ் வரை எந்த அடுக்குமாடி வீட்டிலும் நடக்கக்கூடியதே என்பதை வாசகர்கள் தங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக் கொள்ளட்டும்.

நாம் விஞ்ஞானத்தைக் குறை கூற வந்தோமல்லோம். 1895ஆம் ஆண்டில் ராண்ட்கன் என்னும் ஜெர்மானிய அறிஞர் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்ததும், 1971ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த கருவியால் உயிருள்ள மனிதரின் மூளை முதன்முதலாகக் குறுக்கு வாட்டில் படமெடுக்கப்பட்டதும் மனித அறிவின் பெருவெற்றிகள் என்றே கொண்டாடுகிறோம். கத்தியெடுத்து அறுத்துப் பார்க்க வேண்டியிருந்ததை நோவில்லாமல் பார்க்க வைத்த கருவி அது. ஆனால் விஞ்ஞானம் தரும் பொருளை அஞ்ஞானத்தின் மனத்தோடு கையாளுவோமாயின், கோயிலுக்குப் பதில் ஆஸ்பத்திரியும், பூசாரிக்குப் பதில் இயந்திரமும் வந்ததே தவிர, அடிமைத்தனம் அப்படியே இருக்கிறது என்றுதானே பொருள்? நமது சண்டை கருவியோடன்று. அதன் முன்னே தலை குனிந்து நிற்கும் மனத்தோடேயாகும்.

முதலாவதாக, ஸ்கேன் அறிக்கை என்பது எது என்று பார்ப்போம். அது ஒரு வைத்தியர் மற்றொரு வைத்தியருக்கு எழுதும் கடிதம், அவ்வளவே. எழுதுகிறவர் பெரும்பாலும் நோயாளியின் முகத்தையே பார்த்திருக்கமாட்டார். அவருக்கு முன்னே இருப்பவை படங்களும், 'வலது மேல்வயிற்றில் வலி' என்பது போன்ற ஒரு வரிக் குறிப்பும், முன்னெடுத்த படம் ஏதேனும் இருந்தால் அதுவும் மாத்திரமே. ஆகவே அவர் தாம் கண்டதையெல்லாம் எழுதுகிறார். எழுதவேண்டியது அவர் கடமை. அவர் எழுதுவது காட்சி, தீர்ப்பு அன்று. 'கிளினிக்கல் கோரிலேஷன்' தேவை என்று பல அறிக்கைகளின் கடைசியில் ஒரு சொல் வருகிறதல்லவா? நோயாளியை நேரில் பார்த்த டாக்டர், அவருடைய வயதையும் வலியையும் இரத்தப் பரிசோதனையையும் இதனோடு பொருத்திப் பார்த்து முடிவுக்கு வரவேண்டும் என்பதே அதன் பொருள். எழுதியவரே 'நான் முடிவு கூறவில்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க, படித்தவர் மரண ஓலையாக அதை வாசித்தால் யார் என்ன செய்வது?

இனி அதிலுள்ள சொற்களைப் பாருங்கள். 'அன்ரிமார்க்கபிள்' என்று ஓர் உறுப்பைப் பற்றி எழுதியிருந்தால், 'சிறப்பாக இல்லையாம்' என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. 'சொல்லும்படியான குறை ஒன்றுமில்லை' என்பதே அதன் பொருள். அறிக்கையில் வரக்கூடிய நல்ல சொற்களில் அது ஒன்று. 'நெகட்டிவ்' என்றால் கெட்டது என்றும், 'பாசிட்டிவ்' என்றால் நல்லது என்றும் கொள்ளுகிறவர்களும் உண்டு. தேடிய நோய் தென்படவில்லை என்பதே முன்னது, தென்பட்டது என்பதே பின்னது. 'இன்னது இல்லையென்று சொல்ல முடியாது' என்று எழுதியிருந்தால், 'இன்னது இருக்கிறது' என்று படித்துவிடுகிறோம். இல்லையென்று சொல்லப் படம் போதாது என்பதற்கும், இருக்கிறது என்பதற்கும் எவ்வளவு தூரம்!

இவற்றையெல்லாம்விடப் பெருங்கேடு செய்வது ஆங்கிலச் சொல்லன்று. நமது சொந்தத் தமிழ்ச்சொல் ஒன்றே. அதுதான் 'கட்டி'. ஆங்கில அறிக்கையில் ஐந்தாறு வெவ்வேறு சொற்களாக இருப்பவை நம் வீட்டுக்குள் நுழைந்தவுடன் ஒரே சொல்லாகிவிடுகின்றன. 'லீஷன்' என்பது சுற்றியுள்ள சதையினின்றும் வேறுபட்டுத் தெரியும் ஓர் இடம். அது பழைய தழும்பாகவும் இருக்கலாம். 'சிஸ்ட்' என்பது நீர் கோத்த சிறு பை. 'நாட்யூல்' என்பது சிறு முடிச்சு. 'மாஸ்' என்பது பெரிய திரட்சி. 'கால்சிஃபிகேஷன்' என்பது சுண்ணாம்பு படிந்த புள்ளி. இவை அத்தனையையும் பேரப்பிள்ளை 'கட்டி' என்று மொழிபெயர்க்கிறான். அவன் தாய் 'கட்டி' என்பதைப் 'புற்று' என்று மொழிபெயர்க்கிறாள். அண்டை வீட்டார் 'புற்று' என்பதைச் 'சாவு' என்று மொழிபெயர்க்கிறார்கள். சிறுநீரகத்தில் ஒரு நீர்ப்பை, வயது ஏற ஏற மிகப் பலருக்கு வருவது, எவ்விதத் தொல்லையும் தராதது, இரண்டு நாழிகைக்குள் சுடுகாட்டுக்குப் போய்விடுகிறது! நீர்ப்பை, முடிச்சு, திரட்சி, தழும்பு, படிவு, புற்று என்று தமிழிலே சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் பயன்படுத்தும் ஒழுங்குக்கே பஞ்சம். ஒரு மொழியில் சொல் இருந்தும் அதை வேறுபடுத்திப் பேசாத சமூகம், பொருளையும் வேறுபடுத்திப் பார்க்காது.

நிற்க. தேடாத இடத்தில் ஒன்று தென்படுவது அதிசயமா என்று கேட்போம். அதிசயமில்லை என்பதற்குப் போதிய ஆதாரம் இருக்கிறது. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் முதுகெலும்புப் படங்களைப் பற்றி வெளியான ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2015ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வந்தது. வட்டுத் தேய்மானம் 20 வயதினரில் நூற்றுக்கு 37 பேருக்கும், 80 வயதினரில் நூற்றுக்கு 96 பேருக்கும் இருந்தது. இவர்களில் ஒருவருக்காவது வலி கிடையாது! நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரத்தில், 45 வயதைக் கடந்த 2,000 பொதுமக்களுடைய மூளையைப் படமெடுத்துப் பார்த்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 7 பேருக்கு, அவர்கள் அறியாமலே வந்துபோன சிறு இரத்த அடைப்பின் வடு இருந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 2 பேருக்கு இரத்தக்குழாய் வீக்கம் இருந்தது. அட்ரினல் சுரப்பியில் இப்படித் தற்செயலாக அகப்படும் முடிச்சுகளுக்கு 'இன்சிடென்டலோமா' என்று கேலியும் உண்மையும் கலந்த ஒரு பெயரை வைத்தியர்களே 1982ஆம் ஆண்டில் சூட்டிவிட்டார்கள். நரைமயிரைப் போலவும் தோல் சுருக்கத்தைப் போலவும் உடம்பின் உள்ளேயும் காலம் தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே போகிறது. வெளியே தெரிவதற்கு நாம் அஞ்சுவதில்லை. உள்ளே தெரிந்துவிட்டால் மாத்திரம் அலறுகிறோம்.

இப்படிச் சொல்லுவதால், தென்பட்டதையெல்லாம் ஒதுக்கித் தள்ளுங்கள் என்று நாம் கூறுவதாக யாரும் திரித்துவிட வேண்டாம். தற்செயலாகத் தென்பட்ட ஒன்றால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. வயிற்றுப் பெருந்தமனியின் வீக்கம் வெடிக்குமுன் அகப்படுவதும், சிறுநீரகப் புற்று சிறிதாயிருக்கும்போதே அகப்படுவதும் இப்படித்தான். ஆகவே எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்று பிரித்தறிவதற்கே அறிவு வேண்டியிருக்கிறது. அந்த அறிவு இரகசியமுமன்று. எடுத்துக்காட்டாக, நுரையீரலில் தற்செயலாகத் தென்படும் முடிச்சுகளைப் பற்றி ஃபிளைஷ்னர் சங்கம் என்னும் வல்லுநர் சபை 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைப்படி, புகைப்பழக்கம் முதலிய அபாயக் காரணங்கள் இல்லாத ஒருவருக்கு 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த கெட்டியான முடிச்சு இருந்தால் வழக்கமாக மறுபடியும் படமெடுக்கவே தேவையில்லை. அதற்கு மேற்பட்டால் இத்தனை மாதத்தில் மறுபடம் என்று கணக்கிருக்கிறது. அளவு, வடிவம், வயது, பழக்கம், முன்படத்தோடு ஒப்பீடு என்ற ஐந்தையும் கொண்டு தீர்மானிக்கும் காரியம் இது. இதில் நட்சத்திரத்திற்கும் இடமில்லை, நடுக்கத்திற்கும் இடமில்லை.

"தேடிப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? இருந்தால் தெரியட்டுமே" என்று கேட்கும் கனவான்களுக்குத் தென்கொரியாவின் கதையைச் சொல்லுவோம். அந்நாட்டரசாங்கம் 1999ஆம் ஆண்டில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. தைராய்டுச் சுரப்பி அத்திட்டத்தில் சேர்ந்ததன்று. ஆனாலும், 'வந்தது வந்தீர்கள், சிறிது பணம் கூடக் கொடுத்தால் கழுத்தையும் ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாம்' என்று ஆஸ்பத்திரிகள் அழைத்தன, மக்களும் இணங்கினார்கள். விளைவு என்ன? 2011ஆம் ஆண்டில் தைராய்டுப் புற்று என்று கண்டுபிடிக்கப்பட்ட விகிதம் 1993ஆம் ஆண்டைப்போல் 15 மடங்காயிற்று. இவ்வளவு கண்டுபிடித்ததால் அந்நோயால் சாகிறவர்கள் குறைந்தார்களா? இல்லை, சாவு விகிதம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதாவது, அகப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்த மனிதரைச் சாகுமட்டும் ஒன்றும் செய்யாமல் கிடந்திருக்கக் கூடியவை. ஆனால் அகப்பட்ட பிறகு ஏறக்குறைய எல்லோரும் சிகிச்சைக்கு ஆளானார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குச் சுண்ணாம்புச் சத்தை ஆளும் சுரப்பி கெட்டது. நூற்றுக்கு 2 பேருக்குக் குரல் நாண் செயலற்றது. சுரப்பியை முழுவதும் இழந்தவர்கள் ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்க வேண்டியவரானார்கள். 2014ஆம் ஆண்டில் இவ்விவரம் வெளியாகி, அந்நாட்டு வைத்தியர்களிலேயே சிலர் துணிந்து எதிர்த்துப் பேசிய பிறகுதான் அறுவைகள் வெகுவாகக் குறைந்தன. தேடுவதில் நஷ்டமில்லை என்பவர்கள் அந்தக் குரலிழந்தவர்களிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

தகுந்தவரிடத்தில், தகுந்ததைத் தேடுவது வேறு. பல ஆண்டு கடுமையாகப் புகைபிடித்தவர்களிடத்தில் குறைந்த கதிரளவுள்ள ஸ்கேனால் நுரையீரற் புற்றைத் தேடினால், அந்நோயால் வரும் சாவு நூற்றுக்கு 20 குறைகிறது என்று 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிரூபித்தது. அவ்வளவு நன்மை தந்த அதே ஆராய்ச்சியில்கூட, 'ஏதோ இருக்கிறது' என்று வந்த முடிவுகளில் நூற்றுக்கு 96 புற்றாக இருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நமது சிங்கப்பூர் அரசாங்கமும், முன்பு 'ஸ்கிரீன் ஃபார் லைஃப்' என்று வழங்கிய திட்டத்தின் கீழ் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகியவற்றையும், மார்பு, கருப்பைக் கழுத்து, பெருங்குடல் ஆகிய மூன்றிடத்துப் புற்றுகளையும், வயதும் கால இடைவெளியும் குறித்துத் தேடச் சொல்லுகிறது. தலை முதல் கால் வரை ஸ்கேன் எடுத்துக்கொள் என்று அத்திட்டம் எங்கும் சொல்லவில்லை. 2023ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டத்தில் பதிந்துகொண்ட குடிமக்களுக்கு இப்பரிசோதனைகள் இலவசம். இலவசமாக, ஆதாரத்தோடு கிடைப்பதற்குப் போகச் சோம்பல். தீபாவளித் தள்ளுபடி போல விளம்பரம் செய்யப்படும் முழு உடற் படத்திற்கு மாத்திரம் தாய் தந்தையரை அழைத்துக்கொண்டு போய், 'பெற்றோருக்கு நான் செய்த பரிசு' என்று பெருமை! பெருங்குடற் பரிசோதனைக்கு மலத்தைக் கொடுக்க வெட்கப்படும் அதே மகன்தான் ஆயிரக்கணக்கான வெள்ளி கொட்டித் தாயின் உடம்பு முழுவதையும் படமெடுக்கிறான். இது அன்பா, ஆடம்பரமா என்று கேட்கிறோம்.

படத்தில் தெரிந்த நிழலைக் கண்டு என்ன செய்வது என்ற கேள்வி நமது நாட்டு நீதிமன்றத்தின் படியையும் ஏறியிருக்கிறது. முதல் வழக்கில், ஒரு பெண்மணிக்கு மூளையில் இருந்த கட்டி அறுவையால் எடுக்கப்பட்டு, கதிர்ச் சிகிச்சையும் முடிந்தது. பின்னர் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு சிறு முடிச்சு தெரிந்தது. அது பழைய புண்ணின் தழும்பா, மீண்டும் வளரும் கட்டியா? வைத்தியர்களே இரு கருத்தாக இருந்தார்கள். கட்டியென்று கொண்டு 1997ஆம் ஆண்டில் கதிரறுவை செய்யப்பட்டது. அதனால் மூளைத்திசு கெட்டு அவர் பெரிதும் ஊனமுற்றார். உயர்நீதிமன்றத்தில் அவர் வென்றார். 2002ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. பொறுப்புள்ள வைத்தியர் குழு ஒன்று காரணத்தோடு ஒப்பும் முறையை டாக்டர் கைக்கொண்டிருந்தால், இரு வைத்தியக் கருத்துகளுக்கு நடுவே நீதிபதிகள் தேர்ந்தெடுக்கப் புகக்கூடாது என்பது அதன் முடிவு.

இரண்டாவது வழக்கு: மலேசியாவைச் சேர்ந்த ஒருவர் தம் நுரையீரல் முடிச்சைப் பற்றி அறிய 2010ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஒரு விசேஷ ஸ்கேன் எடுத்துக்கொண்டார். நுரையீரலுக்காக எடுத்த படத்தில் கணையமும் ஒளிர்ந்தது. அது கட்டியாக இருக்கலாம், அணுக்கள் வெறுமனே பெருகியதாகவும் இருக்கலாம். அறுவை நடந்தது, கணையத்தின் பகுதி அகற்றப்பட்டது, அறுத்தெடுத்ததைச் சோதித்தபோது கட்டி இல்லை! பின்னர்ச் சிக்கல்களும் உண்டாயின. 2017ஆம் ஆண்டு மே மாதம், தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் அவருடைய முறையீட்டைத் தள்ளினார்கள். டாக்டர்கள் அவருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லியிருந்தார்கள் என்று கண்டார்கள். ஆனால் அத்தீர்ப்பிலேயே ஒரு பெரிய மாறுதலையும் செய்தார்கள். நோயைக் கணிப்பதிலும் சிகிச்சை செய்வதிலும் வைத்தியர் குழுவின் கருத்தே அளவுகோல். ஆயினும் நோயாளிக்கு ஆலோசனை சொல்லும்போது, எதைச் சொல்லவேண்டும் என்பதை நோயாளியின் நிலையிலிருந்தே பார்க்கவேண்டும் என்றார்கள். பின்பு பார்லிமெண்டு 2020ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, 2022ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அத்திருத்தம் வைத்தியர் குழுவின் கருத்துக்கு மறுபடியும் இடங்கொடுத்தது. என்றாலும், நோயாளி ஒருவர் அறிந்து முடிவு செய்வதற்கு நியாயமாக என்ன வேண்டுமோ அதைச் சொன்னாரா என்பதையும் அக்கருத்து கணக்கில் கொள்ளவேண்டும் என்று விதித்தது.

இவ்வழக்குகளில் யார் வென்றார், யார் தோற்றார் என்பது நமக்கு முக்கியமன்று. படத்திலுள்ள நிழல் இன்னதென்று கைதேர்ந்த வைத்தியர்களுக்கே ஐயம் வரக்கூடும் என்பதும், அந்த ஐயத்தில் எப்பக்கம் சாய்வது என்று முடிவு செய்யும் உரிமை அந்த உடம்புக்கு உடையவருக்கே உண்டு என்பதும்தான் முக்கியம். சட்டம் 'நோயாளி' என்று சொல்லுகிறது. 'மூத்த மகன்' என்று சொல்லவில்லை. 'மருமகன்' என்று சொல்லவில்லை. 'ஆங்கிலம் தெரிந்த பேரன்' என்றும் சொல்லவில்லை.

இங்கேதான் நம் சமூகத்தின் பெரிய குற்றத்திற்கு வருகிறோம். டாக்டர் எதையும் மறைக்கக்கூடாது என்று வழக்காடும் நாம், வீட்டிலே என்ன செய்கிறோம்? "அம்மாவிடம் சொல்லாதீர்கள் டாக்டர், தாங்கமாட்டார்" என்று கதவுக்கு வெளியே நின்று கெஞ்சுகிறோம். சிங்கப்பூரின் மனத்திறன் சட்டத்தின் முதற்கொள்கை, வயது வந்த எவரும் தம் காரியத்தைத் தாமே முடிவு செய்யத் திறனுடையவர் என்றே கொள்ளவேண்டும் என்பது. திறன் இல்லையென்று நிரூபிக்கப்படும் வரையில், பிள்ளையானாலும் கணவனானாலும் அவருக்காகக் கையெழுத்துப் போட உரிமையில்லை. சட்டம் மதிக்கும் தாயை மகன் மதிப்பதில்லை!

அதிலும் பெண்களுக்கு நேரும் அநீதியைச் சொல்லி முடியாது. தகப்பனாருக்கு ஏதேனும் தென்பட்டால், 'அவர் ஆண்பிள்ளை, அவரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும்' என்கிறார்கள். தாய்க்குத் தென்பட்டால் அண்ணன் தம்பிகள் கூடிப் பேசுகிறார்கள். பெண்ணுக்குத் தென்பட்டால், அதுவும் மார்பிலோ கருப்பையிலோ தென்பட்டால், 'கல்யாணம் ஆகவேண்டிய பெண்' என்று அறிக்கையையே அலமாரியில் பூட்டுகிறார்கள். தன் உடம்பைப் பற்றிய காகிதத்தைத் தான் பார்க்கக் கூடாதென்று ஒருத்தியைத் தடுப்பதற்கும், அவள் படிக்கவே கூடாதென்று முன்னோர் தடுத்ததற்கும் என்ன வித்தியாசம்? நாற்பது வருஷம் பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, கணவனைப் புதைத்து, வாடகை கட்டி, சிக்கனம் பிடித்துக் குடும்பத்தை நிமிர்த்திய ஒருத்திக்கு, 'ஒரு சென்டிமீட்டர்' என்ற இரண்டு சொல்லைத் தாங்கும் வலு இல்லையாம்! மறைக்கிறவர்களுக்கே வலு இல்லை. தங்கள் அச்சத்தைத் தாயின்மேல் ஏற்றி, அதற்குப் பாசம் என்று பேர் வைக்கிறார்கள்.

மறைப்பதால் அச்சம் குறைகிறதா என்றால் அதுவுமில்லை. பேச்சு நடுவில் நின்றுபோவதையும், திடீரென்று எல்லோரும் பழம் வாங்கிக்கொண்டு வருவதையும், மருமகள் அன்பாகப் பேசுவதையும் கண்டு கிழவி ஊகித்துவிடுகிறாள். இருப்பது நீர்ப்பையாக இருக்கலாம். அவள் ஊகிப்பதோ மரணம். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நாள் கவலையோடு போயிருக்கும். பிற்பாடு அறுவைக்குச் சம்மதம் கேட்கும் நாளில், அதுவரை பொய் சொல்லிய வாய்கள் சொல்லும் மெய்யையும் அவள் எப்படி நம்புவாள்?

"அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாதே, என்ன செய்வது?" என்பது அடுத்த சமாதானம். இது பாதி நியாயமானது. ஆகவே இதற்குப் பாதிப் பழியை நிர்வாகத்தின்மேலும் வைக்கிறோம். தமிழ் இந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. 1932ஆம் ஆண்டில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் கண்டவர்களும், 1935ஆம் ஆண்டில் 'தமிழ் முரசு' தொடங்கிய கோ. சாரங்கபாணியும் இம்மண்ணில் தமிழுக்காக உழைத்தது, வழிகாட்டும் பலகைகளில் எழுத்தாக மாத்திரம் நிற்பதற்காகவா? 'எருமைத்தொழுவம்' என்று மலாயில் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் பெயரைத் தாங்கிய மருத்துவமனை லிட்டில் இந்தியாவின் ஓரத்திலே நிற்கிறது. 1924ஆம் ஆண்டில் மகப்பேற்று மருத்துவமனையான அதிலே நம்மில் எத்தனையோ தலைமுறையினர் பிறந்தோம். 1844ஆம் ஆண்டில் ஏழைகளுக்கென்று நிறுவப்பட்டுப் பின்னர் இடம் மாறி வந்த டான் டோக் செங் மருத்துவமனையும் சிராங்கூன் சாலைக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கிறது. வாசலில் தமிழ் இருக்கிறது. அறிக்கையில் தமிழ் இல்லை. நுழைவதற்கு மொழி உண்டு, புரிந்துகொள்வதற்கு இல்லையென்றால் என்ன நியாயம்?

வைத்தியர்களுக்குள் எழுதும் கடிதம் முழுவதையும் தமிழாக்குங்கள் என்று நாம் கேட்கவில்லை. அதற்கு வேலையும் பெரிது, பிழைக்கும் இடமுண்டு. நாம் கேட்பது ஒரு பக்கம். என்ன தேடினோம், என்ன கண்டோம், அதில் எது கவனிக்கத்தக்கது, அடுத்து என்ன, எப்பொழுது என்று எளிய மொழியில், நான்கு மொழிகளிலும் ஒரு பக்கச் சுருக்கம். அதை நேரில் விளக்க, பேரப்பிள்ளையல்லாத ஒரு மொழிபெயர்ப்பாளர். குடும்பத்தான் மொழிபெயர்த்தால் அன்பினாலோ அச்சத்தினாலோ பாதியை விழுங்கிவிடுகிறான் என்பதை மேலே கண்டோம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுகிறவர்கள் நூற்றுக்கு 2.5 பேர்தான். எண்ணிக்கை சிறிது, ஆகவே தேவையில்லை என்று யாரேனும் சொல்லலாம். எண்ணிக்கை குறையக் குறைய, அம்மொழியை மாத்திரமே அறிந்த முதியவர் தம் வீட்டிலேயே அதிகம் தனித்துப் போகிறார். ஆதலால் தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

ஆனால் அரசாங்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதுமில்லை. நம் வாசகசாலைகளும் சங்கங்களும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பட்டிமன்றம் வைத்து, 'சிறந்தது அன்பா, அறிவா' என்று வழக்காடிக் கைதட்டு வாங்குவதில் செலவிடும் மாலைகளில் ஒரு மாலையை இதற்குக் கொடுக்கட்டும். தமிழ் அறிந்த டாக்டர்கள் இந்நகரத்தில் இல்லாமல் போகவில்லை. அவர்களை அழைத்து, அறிக்கையை எப்படிப் படிப்பது, எதைக் கேட்பது என்று மக்களுக்குச் சொல்லச் செய்யட்டும். அப்படி ஒரு மாலையில் கற்கக்கூடியவை ஐந்தே கேள்விகள். இது என்ன, என்னவாக இருக்கக்கூடும்? எனக்கு உள்ள தொல்லைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? முன்பு எடுத்த படத்தில் இது இருந்ததா, வளர்ந்திருக்கிறதா? ஒன்றும் செய்யாமல் பார்த்திருந்தால் என்ன ஆகும், எத்தனை நாள் பார்த்திருக்கலாம்? அடுத்த சோதனையின் முடிவு எப்படி வந்தாலும் செய்யப்போவது ஒன்றேயானால், அச்சோதனை எதற்கு? இவற்றைக் கேட்கத் தெரிந்தவனுக்குச் சோதிடனும் வேண்டாம், தள்ளுபடி விளம்பரமும் வேண்டாம். கேள்விகளைக் கேட்கவேண்டியவர், நாற்காலியில் நோயாளியாக உட்கார்ந்திருப்பவர். மற்றவர்கள் பக்கத்தில் உட்காரலாம். அவருடைய வாயைப் பொத்தக் கூடாது.

ஸ்கேன் கருவி உடம்பைத் திறந்து காட்டிவிட்டது. மூடியிருப்பது நம் வீட்டுக் கதவு மாத்திரமே. அறிக்கை யாருடைய பெயரில் வருகிறதோ, அவர் கையில் கொடுங்கள்; அவர் மொழியில் சொல்லுங்கள்; அவர் முடிவைக் கேளுங்கள். பகுத்தறிவு என்பது மேடையில் பேசுவதற்கு மாத்திரமன்று. தாயின் எதிரே உட்கார்ந்து உண்மையைச் சொல்வதற்கும் அதுவே வேண்டும்.